35 மில்லிமீட்டர்

போன வாரம் பட்டறையில் கீழ்த்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். உடைந்த அச்சுகள், தேய்ந்துபோன கம்பி மட்டம், யாரோ விட்டுப்போன தராசுப் படிக்கற்கள். இதற்கெல்லாம் பின்னால் சாக்கில் சுற்றி வைத்த நான்கு நீல ஸ்பிரிங்குகள். என் மகள் ஒன்றை இழுத்துப் போட்டுக் காலருகே வைத்துப் பார்த்துவிட்டு, "யானைக்குக் கொலுசாப்பா?" என்றாள். கொலுசுப் பட்டறைக்காரன் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்.

அந்த நான்கும் ஒன்றரை வருடம் என் காரைத் தாங்கியவை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி ஸ்கோடா யெட்டி, 2012 மாடல், 2 லிட்டர் டீசல், நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது. 2019ல் இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போதே இந்தியாவில் அந்த வண்டி விற்பனையில் இல்லை, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. ஏன் நான்கு சக்கர இழுவை? மச்சானுக்கு ஏற்காடு மலையில் நாகலூர் தாண்டி கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசியில் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி ஆகிவிடும். என் பழைய காரை இரண்டு முறை அங்கே ஆட்களை வைத்துத் தள்ளி ஏற்றியிருக்கிறோம். மூன்றாவது முறை மச்சான் டிராக்டர் கொண்டுவந்து கட்டி இழுத்தார். அன்றைக்கு வீடு வரும்வரை என் மனைவி பேசவில்லை.

யெட்டி வந்தபிறகு அந்தப் பாதை ஒரு விஷயமே இல்லாமல் போயிற்று. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. அம்மா.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு எப்படியோ மேலே வந்துவிடுவார். யெட்டியில் எட்டாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோவார், பன்னிரண்டில் "டேய், ஓரமா நிறுத்துடா" என்பார். குரங்குகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். வண்டி உயரம், வளைவில் தொட்டில் மாதிரி சாய்கிறது, அதனால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வண்டியைத் தாழ்த்திவிட்டால் சாய்வு போய்விடும், அம்மாவும் நிம்மதியாக வருவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, டயருக்கும் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் கை முஷ்டியை விட்டு ஆட்டலாம் போல இருந்த அந்த இடைவெளி. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தியது. கொலுசில் இரண்டு கண்ணிக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி கூடினாலும் எனக்குத் தெரியும். தொழில் கெடுத்த கண்.

சூரமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஷெட். அங்கிருக்கும் அண்ணாதான் என் வண்டியைப் பார்ப்பவர். பழைய டூல்ஸ், புதிய ஸ்கேனர், எப்போதும் கரி படிந்த விரல். அவரிடம் போய்ச் சொன்னேன். வண்டியின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கி விட்டார். பின்பக்கம் இரண்டு முறை கூடுதலாக ஆடி நின்றது.

"ஷாக்கு போயிருக்குங்க தம்பி. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குதுல்ல. மொதல்ல அதை மாத்தி ஓட்டிப் பாருங்க. எறக்கறத அப்புறம் யோசிக்கலாம்."

ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவு இல்லை.

வண்டியை இறக்க ஊரில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இருக்கும் ஸ்பிரிங்கையே ஒன்று, ஒன்றரைச் சுற்று வெட்டிவிடுவது. அதைவிட மோசம், காஸ் தீ பிடித்துச் சூடேற்றி அமுங்க வைப்பது. இரண்டையும் செய்துதரத் தயாராக ஆட்கள் இருந்தார்கள், கூலியும் சொற்பம். இந்த இடத்தில் மட்டும் என் தொழில் என்னைக் காப்பாற்றியது. வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும், சூடு காட்டினால் இளகிவிடும். பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே பையன்களுக்கு இதுதான் பாடம். ஸ்பிரிங் எஃகு வேறு உலோகம்தான், விறைப்பு வருகிற வழியும் வேறுதான். ஆனாலும் பதம் பார்த்து ஏற்றிய விறைப்பை ஒரு நிமிடச் சூட்டில் கலைத்துவிடலாம் என்பது இரண்டுக்கும் பொது. சூடேற்றிய ஸ்பிரிங் இன்றைக்கு 30 மில்லிமீட்டர் இறங்கும், ஆறு மாதத்தில் தானாகவே இன்னும் இறங்கும், அதுவும் நான்கும் நான்கு விதமாக.

வெட்டுவதில் வேறு சிக்கல். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து, விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். இறக்கிய வண்டிக்கு விறைப்பு கூடத்தான் வேண்டும், அது சரி. ஆனால் குழியில் சக்கரம் தொங்கும்போது, குட்டையாகிப்போன ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகர்ந்துவிடலாம். முறையாகச் செய்த தாழ்வு ஸ்பிரிங்கில் தொங்கும்போதும் பிடி விடாதபடி நீளம் பார்த்து, சுற்றுகளின் நெருக்கத்தை மாற்றி வைத்திருப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே ஒரு முனையில் சுற்றுகள் நெருங்கியிருப்பது தெரியும்.

அதனால் 35 மில்லிமீட்டர் இறக்கும் செட் ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். முதலில் வந்தது தப்பு செட். முன்சக்கர இழுவை யெட்டிக்கானது. விற்றவர் போனில், "எல்லாம் ஒண்ணுதாங்க சார், மாட்டிடுங்க" என்றார். ஒன்றில்லை. நான்கு சக்கர இழுவை வண்டியில் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் மூக்கில் எவ்வளவு பலம் பின்னால் போகவேண்டும் என்று முடிவு செய்யும் ஹால்டெக்ஸ் கப்ளிங், அதற்கு முன்னால் எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைக் கொண்டுவர வண்டியின் நீளத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். இத்தனை பாரத்தையும் தூக்கும் பின் ஸ்பிரிங் வேறு, அதற்கு எண்ணும் வேறு. முன்சக்கர வண்டியின் ஸ்பிரிங்கை இதில் போட்டால் பின்பக்கம் 35க்கு மேலும் அமர்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பி, சரியான செட் வர ஐந்து வாரம் ஆயிற்று. விலை 30,000 ரூபாயைத் தாண்டியது. வீட்டில் வேறு தொகை சொன்னேன்.

மாட்டிய நாள் ஒரு ஞாயிறு. நானும் கூடவே இருந்தேன். அண்ணா முதலில் செய்தது, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதியது. தரையிலிருந்து அளக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். காற்று குறைந்தால், டயர் தேய்ந்தால் தரைக் கணக்கு மாறும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது என்றார். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கம்பமாக வரும். அதைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியில் பூட்டி, மேல் நட்டைக் கழற்றும்போது என்னை ஷெட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். பின்பக்கம் சுலபம். யெட்டியில் பின் ஸ்பிரிங் ஷாக்கோடு இல்லை, தனியாக, சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைக்கும் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆர்ம்மை இறக்கினால் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் ஆர்ம்மில் கொஞ்சம் உள்தள்ளி இருப்பதால், ஸ்பிரிங் குறையும் அளவைவிடச் சக்கரத்தில் அதிகமாக இறங்கும். ஏற்றக் கிணற்றில் மரத்தின் மிதிக்கிற பக்கம் ஒரு சாண் இறங்கினால் சால் பக்கம் ஒரு முழம் ஏறுமே, அதே கணக்கு.

எல்லாம் மாட்டி முடிந்தது என்று நான் நினைத்தபோது அண்ணா ஒரு போல்ட்டையும் முழுதாக முறுக்கியிருக்கவில்லை. கீழ் ஆர்ம்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதுவரை தூக்கி, சுவரில் எழுதியதில் 35ஐக் கழித்து டேப்பால் சரிபார்த்து, அதன்பிறகுதான் புஷ் போல்ட்டுகளை முறுக்கினார். அந்த ரப்பர் புஷ் சுழலும் பேரிங் இல்லை. நடுக்குழாயோடு ஒட்டிய ரப்பர், முறுக்கிக்கொண்டுதான் அசையும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும், ஒரு வருடத்தில் கிழியும். வண்டியை இறக்கியபின் கட கட என்று சத்தம் வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

இங்கே ஒரு பேச்சு. நான்கு சக்கர இழுவை வண்டியை இறக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி ஆடும் என்று என்னை நான்கு பேராவது பயமுறுத்தினார்கள். மாருதி ஜிப்ஸி மாதிரி, பின்னால் ஒரே இரும்பு அச்சு போகும் வண்டிக்கு அது சரி. அங்கே டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். யெட்டியில் எஞ்சினும் பின் டிஃபரன்ஷியலும் இரண்டுமே உடம்போடு கட்டியவை, உடம்பு இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். நடு ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. கோணம் மாறுவது டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குட்டை ஆக்ஸில்களுக்குத்தான். முன்சக்கர வண்டியில் அது இரண்டு, இதில் நான்கு. நான்கு ஆக்ஸில், எட்டு ஜாயின்ட், ஜாயின்ட்டின் கிரீஸை மூடிக் காக்க எட்டு ரப்பர் பூட். பயப்பட வேண்டியது அங்கே.

மறுநாள் அதிகாலை ஐந்தரைக்குத் தனியாக மேலே போனேன். இதை எழுதும்போது இப்போதும் கை பரபரக்கிறது. கோரிமேடு தாண்டும்போதே ஸ்டியரிங் வேறு ஆளாக இருந்தது. மூன்றாவது வளைவில் இரண்டாம் கியரில் திருப்பி, பாதி வளைவிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மூக்கு வெளியே ஓடாமல் பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து உள்ளே தள்ளுகிற மாதிரி வந்தது. இந்த ஹால்டெக்ஸ் நான்காம் தலைமுறை. முன்சக்கரம் வழுக்கும்வரை காத்திருக்காது, மின்சார பம்ப் எண்ணெய் அழுத்தத்தைத் தயாராக வைத்திருக்கும், கிளட்ச் தகடுகளை வேண்டும்போது வேண்டிய அளவு நெருக்கிப் பின்னால் பலம் அனுப்பும். வண்டி உயரமாக இருந்தபோதும் இதெல்லாம் இருந்ததுதான். சாய்ந்து நிமிர்வதற்குள் வளைவு முடிந்துவிடும், அதனால் தெரியவில்லை. இருபதாவது வளைவு வந்ததும் திரும்பிக் கீழே போய் மறுபடி ஏறலாமா என்று யோசித்தேன். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு சக்கர இழுவையை எதற்கு இறக்குகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஆடி கார் கம்பெனி 1980ல் ஜெனீவா கண்காட்சியில் நான்கு சக்கர இழுவையுள்ள குவாட்ரோ காரைக் கொண்டுவந்து வைத்தபோது அது ஜீப் இல்லை, தாழ்ந்த கூபே. நான்கு சக்கரத்துக்கும் இழுவை என்றாலே சேறும் கல்லும்தான் என்பது நம் ஊர் நினைப்பு. ஈரத் தார் ரோட்டில் அதற்கு இருக்கும் வேலையே போதும். (பிரேக்குக்கு அது ஒன்றும் உதவாது. இறக்கத்தில் எல்லா வண்டியும் ஒன்றுதான்.)

மாட்டியபின் 500 கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்கச் சொல்லியிருந்தார் அண்ணா. பார்த்தேன். வீட்டுப் பக்கத்தில் ஒரு டயர் கடையில். பையன் முன்சக்கரத்தைச் சரிசெய்து ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்தான்.

"பின்னாடி பாக்கலையா தம்பி?"

"பின்னாடி ஃபிக்ஸடுங்கண்ணா. அட்ஜஸ்ட்மென்ட் கெடையாது."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் ஒரு நாளைக்குப் பார்க்கும் பத்து வண்டியில் எட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே வளைந்த இரும்புத் துண்டு. அதில் திருப்ப ஒன்றும் இல்லை. யெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சக்கரத்துக்கு நான்கு ஆர்ம், அதில் கோணத்தைத் திருப்பிவைக்க துளை நடுவிலிருந்து விலகிய வாஷரோடு போல்ட்டுகள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பற்றி நாலு பேருக்கு வகுப்பெடுத்தவனுக்கு இது தெரியவில்லை.

ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கழித்து, காற்றுப் பிடிக்கும் இடத்தில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "உள்பக்கம் பாருங்க சார்" என்றார். பின் டயர் இரண்டிலும் வெளிப்பக்கம் ரப்பர் நன்றாக இருக்கிறது. உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று, நாவிதர் சிரைத்த மாதிரி. வெளியில் நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் நான்கு சக்கரத்தையும் கேமராவில் அளக்கும் இடத்தைத் தேடிப் போனேன். தாளில் வந்தது: பின் இடது காம்பர் மைனஸ் 2.7 டிகிரி, வலது மைனஸ் 2.6. தொழிற்சாலை சொல்வது இதில் பாதிதான். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, பின்னாலிருந்து பார்த்தால் காலை அகட்டி நிற்கிற மாதிரி. உடம்பு இறங்கும்போது மேல் ஆர்ம்மும் கீழ் ஆர்ம்மும் வேறு வேறு வட்டத்தில் நகர்வதால் இது தானாக வருவது, வளைவில் டயர் தரையைப் பிடிக்க வேண்டுமென்றே அப்படி அமைத்தது. நான் எப்போதுமே வளைவில் இருப்பவன் மாதிரி வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஆனால் டயரைத் தின்றது காம்பர் இல்லை. டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரம் போகும் திசைக்கு நேராக இருக்கிறதா, பாதத்தைத் திருப்பி வைத்து நடக்கிறதா என்பது. ஒவ்வொரு பின்சக்கரமும் 0.3 டிகிரி திரும்பியிருந்தது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. கணக்குப் போட்டேன். 0.3 டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஏற்காடு 30 கிலோமீட்டர், ஒருமுறை மேலே போனால் 150 மீட்டருக்கு மேல் ரப்பரைத் தார் ரோட்டில் குறுக்காகத் தேய்த்திருக்கிறேன். கூடவே காம்பர், அந்தத் தேய்ப்பை முழுக்க உள்விளிம்பின் மேல் சுமத்திவிட்டது.

சரி, பின் டயர் இரண்டை மாற்றிவிடலாம் என்றேன். அண்ணா தலையை ஆட்டினார். முன் டயரில் பள்ளம் 4 மில்லிமீட்டர் மிச்சம், புது டயரில் 8. முன்சக்கர இழுவை வண்டி என்றால் பேசாமல் போட்டுவிடலாம். இதில் முடியாது.

"நீங்களே கணக்குப் போடுங்க தம்பி, கொலுசுக்குப் போடற மாதிரி" என்று காகிதத்தைத் தள்ளினார். டயர் 225/50 ஆர் 17. புதிதில் விட்டம் 657 மில்லிமீட்டர் வருகிறது, 4 மில்லிமீட்டர் தேய்ந்தால் 649. ஒரு கிலோமீட்டருக்குப் புது டயர் ஏறக்குறைய 485 சுற்று, தேய்ந்தது 491. ஆறு சுற்று வித்தியாசம். நேர் ரோட்டில் போனாலும், ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 180 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் இருப்பது ஹால்டெக்ஸின் கிளட்ச் தகடுகள் மட்டும்தான். கம்ப்யூட்டர் அவற்றை நெருக்கும்போதெல்லாம் தகடுகள் உரசும், எண்ணெய் சூடாகும். வளைவில் கொஞ்ச நேரம் உரசுவதற்குத்தான் அவை இருக்கின்றன, நாள் முழுக்க உரசுவதற்கு இல்லை. அந்தக் கப்ளிங் பழுதானால் வரும் செலவோடு பார்த்தால் நான்கு டயர் சில்லறை.

நான்கு டயர், 44,000 ரூபாய். ஸ்பிரிங்குக்கு வீட்டில் சொன்ன பொய்த் தொகை அந்த வாரம் வெளியே வந்தது.

பின் கோணங்களை முறையாக வைத்தபிறகு டோ பழைய அளவுக்கு வந்துவிட்டது, காம்பர் மைனஸ் 1.9ல் நின்றது, அதற்குமேல் போல்ட் திரும்பவில்லை. அதன்பிறகு ஓடிய எட்டு மாதத்தில் டயர் சமமாகத் தேய்ந்தது. இறக்கும் காரியத்தில் ஸ்பிரிங் மாட்டுவது கால்வாசி வேலை, மீதி முக்கால்வாசி கோணங்களைத் திரும்பக் கொண்டுவருவது. எனக்கு இது புரிய ஒரு செட் டயர் தேவைப்பட்டது.

ஆனால் அந்த எட்டு மாதத்தில்தான் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன.

வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், தாலாட்டு மாதிரி ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பது யாரோ ராத்திரியில் தட்டுக்கூடையில் சிமென்ட் கொட்டி நீட்டி வைத்தது. யெட்டியின் தரை இடைவெளி 180 மில்லிமீட்டர், நான் இறக்கியபின் 145, ஐந்து பேரும் தட்டுவடை செட் பார்சலும் ஏறினால் இன்னும் குறைவு. எங்கள் தெரு முனையில் இருக்கும் ஒன்றை நான் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றிக் கடந்தேன். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நாகலூர் மண் பாதை. நடுவில் புல் முளைத்த திட்டு, இரண்டு பக்கமும் டிராக்டர் தடம். நான்கு சக்கரமும் அருமையாகத் தள்ளுகின்றன, வயிறு திட்டில் உட்கார்ந்துவிட்டது. மச்சான் கையில் மண்வெட்டியோடு வந்து, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஏன் மாப்ள, மலையேற ஆடு வாங்கி, அதோட காலை நீங்களே ஒடிச்சு வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல என்னிடம் குவாட்ரோ கதைதான் இருந்தது. மண்வெட்டி பிடித்தவரிடம் ஜெனீவாவைப் பற்றிப் பேசக் கூடாது.

பிறகு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நேரம். எனக்குப் பாலிசி எடுத்துத் தருபவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைக் கம்பெனிக்குத் தெரிவித்தீர்களா என்றார். இல்லை. தெரிவிக்காத மாற்றம் விபத்தின்போது வாதமாக வரும் என்றார். சட்டம் இதில் என் பக்கம் இல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. உயரம் அந்தச் சான்றில் இல்லையே என்று நான் வாதாடலாம். அந்த வாதத்தை விபத்துக்குப் பிறகு செய்ய எனக்கு ஆசை இல்லை.

இதற்குள் வலது பின் ரிம்மின் உள்ளே கிரீஸ் தெறித்திருந்தது. ஆக்ஸில் பூட் கிழிந்திருக்கிறது. வண்டி 2012, ரப்பருக்கும் வயதாகியிருந்தது, எல்லாப் பழியையும் கோணத்தின் தலையில் போட மாட்டேன். ஆனால் ஏற்கெனவே வயதான பூட்டை மடக்கியே வைத்திருந்தவன் நான்தான்.

அம்மா? அதைச் சொல்லவில்லையே. ஸ்பிரிங் மாட்டிய மாதமே அழைத்துப் போனேன். பதின்மூன்றாவது வளைவில் நிறுத்தச் சொன்னார். ஒரே ஒரு வளைவுதான் முன்னேற்றம். எனக்குப் பெரிய அவமானம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: முன்பக்கம் இந்த மாதிரிக் கம்ப அமைப்பு உள்ள வண்டியில் உடம்பு இறங்கும்போது, கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாய ஆரம்பிக்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடம்பு இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். வண்டியின் பாரத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது சாய்க்கும் நெம்புகோல், குறைவதற்குப் பதில் கூடுகிறது. சாய்வு குறைந்ததாக நான் உணர்ந்ததற்கு உயரம் காரணமில்லை, புது ஸ்பிரிங்கின் விறைப்புதான் காரணம். விறைப்புக்கும் செத்துப்போன பழைய ஷாக்குக்கும் பொருத்தம் இல்லாததால் ஒவ்வொரு தட்டலும் இரண்டு தட்டலாகப் பின்சீட்டுக்குப் போனது. அம்மா உட்காருவது பின்சீட்டில்.

2023ல் ஒரு சனிக்கிழமை பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்கு ஷாக், மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிது. பழைய ஸ்பிரிங்கில் இருந்த பெயின்ட் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்து, இடம் வலம் மாறாமல் போட்டார். சுவரில் அந்தப் பழைய சாக்பீஸ் எண்கள் மங்கலாக இருந்தன, அதையே பார்த்து அளந்தார். நான்கு சக்கர அலைன்மென்ட் அன்றைக்கே.

அடுத்த வாரம் மேலே போகும்போது அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தோம், மனைவி பின்னால். இருபது வளைவும் முடிந்து ஏரி தெரிந்தது. அம்மா கையில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. "இப்பதான்டா ஒழுங்கா ஓட்டற" என்றார். ஷாக்கா, முன்சீட்டா என்று பிரித்துப் பார்க்க இன்னொரு முறை பின்னால் உட்காரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அதிகாலை ஐந்தரை மணி ஏற்றம் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும். புது ஷாக்கில் வண்டி நன்றாகத்தான் போகிறது. அந்த மூன்றாவது வளைவு அப்படி இல்லை.

நேற்று பட்டறைக்கு எதிர்வீட்டுப் பையன் வந்திருந்தான். ஸ்கோடா லாரா ஒன்று வாங்கியிருக்கிறான். வெளியே எடுத்து வைத்திருந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்ததும் கண் விரிந்தது. "அண்ணா, லாராவும் யெட்டியும் ஒரே பிளாட்ஃபார்ம்தானே. சும்மாதானே கெடக்குது, குடுங்கண்ணா."

ஒரே பிளாட்ஃபார்ம்தான். ஆனால் அவன் வண்டியில் பின்னால் டிஃபரன்ஷியல் இல்லை. இந்த ஸ்பிரிங்கைப் போட்டால் பின்பக்கம் இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. வண்டியின் நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு முறை கூடுதலாக ஆடி நின்றது.

"ஷாக்கு போயிருக்கு தம்பி" என்றேன்.

அவன் கேட்ட மாதிரி தெரியவில்லை. வெட்டித் தருகிற ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.